லார்ன்டன் கப்பலுக்குப் போன காலுறைகள்

லார்ன்டன், ஒண்டாரியோ
6 அக்டோபர் 1941

அன்புள்ள ஹியூ,

இங்கே நானும் நம் வீடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? கொதிகலன் அறையிலிருந்து வேர்வையோடு மேல்தளத்துக்கு ஓடாதே என்று சொல்லித்தான் அனுப்பினேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

உன் கப்பலுக்கு நம் ஊர்ப் பெயரை வைத்தாலும் வைத்தார்கள், இங்கே ஆளுக்கு ஆள் அதைப் பெற்றெடுத்த மாதிரி நடக்கிறார்கள். கடலையே பார்க்காத ஊர் இது. மேயர் கப்பலுக்குத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கி அனுப்பப் போகிறாராம். பெண்கள் வியாழக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து உங்களுக்குக் காலுறை பின்னுகிறோம். எங்களுக்குத் தலைவி யார் தெரியுமா? மேபல் ஸ்ட்ராங். நம் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குளிர்காலம் நீ கையைப் பிடித்து ஏரிப் பனியில் சறுக்கக் கூட்டிப்போன அதே மேபல்தான். போன வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஹியூவுக்கு நெஞ்சுல சளி கட்டும் வினி, சின்ன வயசிலேருந்தே அப்படித்தான். பாத்துக்கச் சொல்லு” என்றாள். உன் நெஞ்சைப் பற்றி எனக்கு அவள் சொல்கிறாள். ஒரு வரிசை முழுக்கத் தப்பாகப் பின்னி, பிரித்துப் போட்டேன்.

காலுறையில் பின்னியவள் பெயர் இருக்கக் கூடாது, இன்னாருக்கு என்றும் எழுதக் கூடாது. எல்லாம் ஒரே பெட்டியில் வரும், கப்பலில் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத பையன்களும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று மேபல் போட்ட சட்டம். நியாயமான சட்டம்தான். அவள் போட்டதால் எனக்குக் கசக்கிறது.

பெட்டியில் உனக்கென்றே ஒரு சோடி இருக்கிறது. பார்த்தாலே தெரியும். கண்டுபிடித்து எழுது.

உன்
வினி

*

போர்க்கப்பல் லார்ன்டன்
கடற்படை அஞ்சல்
19 நவம்பர் 1941

என் வினி,

உடம்புக்கு ஒன்றுமில்லை, இருமலும் போய்விட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் எங்கள் முதல் அதிகாரி படிப்பார். எங்கே இருந்தோம், எங்கே போகிறோம் என்று எழுதினால் கத்தரித்துவிடுவார். அவர் நம்மோடு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படி.

கப்பல் சின்னது. சரக்குக் கப்பல்கள் முப்பது நாற்பது வரிசையாகப் போகும், நாங்கள் சுற்றிச் சுற்றி ஓடிக் காவல் காப்போம். மேல்தளத்தில் ஒரு சின்னக் கூண்டு. அதில் ஒருவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் ஒலியை அனுப்பி, நீர்மூழ்கி மீது பட்டு அது திரும்பி வருகிறதா என்று கேட்டபடி இருப்பான். கேட்டுவிட்டால் பின்தளத்திலிருந்து வெடிப் பீப்பாய்களை உருட்டிவிடுவார்கள். நான் அடியில் கொதிகலனோடு கிடக்கிறேன். வெடிக்கும்போது என் காலடியில் இரும்பு அதிரும். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

பெட்டி வந்தது. கேப்டன் தன் தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். என் அதிர்ஷ்டத்தைக் கேள். நீ எனக்கென்று பின்னியதே என் கைக்கு வந்துவிட்டது. மேல் விளிம்பில் சிவப்புப் பட்டை போட்டது, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது. தொட்டவுடனே உன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

ஒரு வேடிக்கை. காது கேட்கும் கூண்டில் இருக்கிறானே ஆர்மான் டூசெட், நியூ பிரன்சுவிக் கரையில் மீன்பிடிக்கிற பிரெஞ்சுக் குடும்பத்துப் பையன், அவனுக்கு வந்த சோடி மாவு மூட்டை அளவுக்கு இருந்தது. போட்டால் தொடை வரை ஏறுகிறது. சாப்பாட்டு மேசையே சிரித்தது. குலுக்கலில் வந்ததை மாற்றிக்கொண்டால் கப்பலுக்கு ஆகாது என்பது இங்கே எல்லாருடைய நம்பிக்கை. அதனால் அவன் தலையெழுத்து, அதைத்தான் போட வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
ஹியூ

*

லார்ன்டன்
15 டிசம்பர் 1941

ஹியூ,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

கப்பலிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் வியாழக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. நானும் எழுந்து நின்றேன், முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல். பெருமைதான் காரணம். சிவப்புப் பட்டை வரை வாசித்துவிட்டேன். பிறகு வாய் நின்றுவிட்டது.

சிவப்புப் பட்டை மேபலுடையது. தன் பழைய சிவப்புக் கம்பளிச் சட்டையைப் பிரித்து அந்த நூலில் போட்டாள். உன்னோடு சறுக்கப் போகும்போது போட்டுக்கொண்டிருந்தாளே, அந்தச் சட்டை. தொட்டவுடனே தெரிந்ததா? அங்கே பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். ஒருத்திகூட நிமிரவில்லை. மேபலுக்கு மட்டும் முகம் கழுத்து வரை சிவந்தது. அது வெட்கமா சந்தோஷமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டையும் நான் மன்னிக்கப் போவதில்லை.

அந்த மாவு மூட்டை போனதே, ஆர்மானோ யாரோ, அவர் எப்படிப்பட்ட ஆள்? அதைப் போட்டுக்கொள்கிறாரா, மூலையில் எறிந்துவிட்டாரா? அதை மட்டும் எழுது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

வினிஃப்ரெட் காலண்டர்

*

போர்க்கப்பல் லார்ன்டன்
2 பிப்ரவரி 1942

அன்புள்ள வினி,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன். எழுதத் தாமதமாகிவிட்டது. நாலு வாரமாகக் குளிர். அலை மேல்தளத்தில் விழுந்தவுடனே உறைந்துபோகிறது. கனம் ஏறிக் கப்பல் கவிழாமல் இருக்க, வேலை முடிந்தவனும் கோடரி எடுத்துப் பனிக்கட்டியை வெட்டித் தள்ள வேண்டும். நாளுக்கு ஒரு மிடறு ரம் தருகிறார்கள். அதற்காகவே விழித்துக்கொள்கிறோம்.

காலுறை விஷயத்தில் தப்பு என்னுடையது. நீ சொன்னபடி பார்த்தேன், எனக்கு வந்ததுதான் உன்னுடையது என்று ஆசைப்பட்டுவிட்டேன். கூட்டத்தில் உன்னை அப்படி நிற்க வைத்ததற்கு வருந்துகிறேன்.

ஆர்மானைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல உயரம். நன்றாகப் பாடுவான். இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. நீ அனுப்பியதை... அந்தப் பெரிய காலுறையைத் தினமும் போட்டுக்கொள்கிறான். போதுமா? அவனைப் பற்றி உனக்கு எதற்கு என்று கேட்கலாமா?

ராத்திரியில் பின்கதவைத் தாழிட்டுக்கொள்கிறாயா? தாழிட்டுக்கொள். பழைய தாழ்ப்பாள் சரியில்லை என்றால் ஆள் வைத்து மாற்று. ஊரில் கண்ட கண்ட ஆட்கள் வந்து போகிற காலம். மறக்காமல் தாழிடு.

ஹியூ

*

லார்ன்டன்
1 மார்ச் 1942

அன்புள்ள ஹியூ,

இங்கே பனி ஜன்னல் உயரத்துக்கு. எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை, கவலைப்படாதே.

பின்கதவைப் பற்றி ஒரே கடிதத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறாய். நாலு வருஷமாக அந்தக் கதவு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதா? பட்டறையில் கடைசி வேலை முடித்து நீ பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வருவது அந்த வழியாகத்தானே. கதவு எப்போதும் போலத்தான் இருக்கிறது.

ஆர்மானுக்குக் குளிருக்கு அது உதவுவதில் எனக்குச் சந்தோஷம். பின்னியவளுக்கு அவர் தினமும் போட்டுக்கொள்வது தெரிந்தால் மனம் நிறையும் என்று அவரிடம் சொல். நல்ல பின்னலின் அருமை தெரிந்தவர் கப்பலில் ஒருவராவது இருக்கிறாரே.

மேபல் உன்னை விசாரித்தாள். சிவப்பு நூல் இன்னும் மிச்சம் இருக்கிறதாம்.

வினி

*

போர்க்கப்பல் லார்ன்டன்
10 ஏப்ரல் 1942

வினி,

நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

நீர்மூழ்கி ஒன்றைத் துரத்தினோம். ஆர்மான்தான் முதலில் கேட்டான். எட்டு மணி நேரம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான், கடலில் எண்ணெய் மிதக்கும்வரை. கேப்டன் எல்லார் முன்னாலும் அவன் கையைக் குலுக்கினார். கப்பல் முழுக்க அவன் காதை நம்பித்தான் தூங்குகிறது, நானும்தான். அவன் கேட்கத் தவறினால் முதலில் சாகிறவர்கள் அடியில் இருக்கும் நாங்கள். என் உயிரை நான் இப்படி ஒருவனிடம் கொடுத்திருக்கிறேன், அவனைக் கண்டால் எனக்குப் பற்றி எரிகிறது. இதைப் படிக்கும் அதிகாரி என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

அவன் தொப்பிக்குள் ஒரு சின்னத் தாள் வைத்திருக்கிறான். கூண்டுக்குள் போகும் முன் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்க்கிறான். யாருக்கும் காட்டுவதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

நீ சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. நீயே எழுதிக்கொள்ளலாம்.

ஹியூ

*

லார்ன்டன்
3 மே 1942

ஹியூ,

ஏரியில் பனி உடைந்துவிட்டது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைக் கேட்காதே.

மேபலுக்கு நீ எழுதிய நன்றிக் கடிதத்தை வியாழக்கிழமை வாசித்தாள். எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு இரண்டு. ஏரியில் சறுக்கியதெல்லாம் நினைவு வருகிறதாம். “உங்க பின்னல் போட்டதிலேருந்து இருமலே இல்லை”யாம். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் ஊருக்குத் தெரிந்துபோகும்.

எதற்காக எழுதினாய் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். வலிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், வலித்தது. சந்தோஷமாக இரு.

வினி

*

லார்ன்டன்
20 ஜூன் 1942

என் ஹியூ,

எப்படி இருக்கிறாய்? இருக்கிறாயா?

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மேயருக்குத் தகவல் வந்திருக்கிறது. கேட்டால், சொல்ல அனுமதி இல்லை என்று தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். வியாழக்கிழமைகளில் யாரும் எதையும் வாசிப்பதில்லை. ஊசிகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. முந்தாநாள் மேபல் என் பக்கத்தில் உட்கார்ந்து என் நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

என் கோபத்தையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். சிவப்புப் பட்டை இருந்தால் என்ன, பச்சைப் பட்டை இருந்தால் என்ன. உன் கால் அதற்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன்
வினி

*

துறைமுக மருத்துவமனை, ஹாலிஃபாக்ஸ்
28 ஜூன் 1942

என் வினி,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள். வலது கை நீராவியில் வெந்துவிட்டது, ஆறுகிறது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. எங்கள் சமையல்காரர் விடுப்பில் உங்கள் பக்கமாக வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எந்த அதிகாரியும் இதைப் படிக்கப் போவதில்லை. நாம் இருவர் மட்டும்தான்.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. உனக்கு அடையாளம் தெரியும். “பின்கதவைத் தாழிடுவதே இல்லை. எந்த நேரமானாலும் வா. காத்திருக்கிறேன்.” பெயர் இல்லை, ஆனால் உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஜனவரியில் ஒருநாள் ஆர்மான் தொப்பியைக் காய வைத்தபோது கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். காலுறைக்குள் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதே வாரம் உன் கடிதம் வந்தது, அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டு. எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பார். அது என் மனைவி எழுதியது என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. மேசை முழுக்கச் சிரிக்கும். உன்னிடம் கேட்கலாம் என்றால், அதிகாரி முதலில் படிப்பார். அதனால் கதவைத் தாழிடு, தாழிடு என்று எழுதினேன். நீ எப்போதும் போலத்தான் இருக்கிறது என்று பதில் எழுதினாய். மேபலுக்கு அந்தக் கடிதத்தை உன்னை அழ வைக்கத்தான் எழுதினேன்.

மே மாதக் கடைசியில் அவன் தூங்கும்போது தாளைத் திருடினேன். என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் மூடுபனி. ஆர்மான் வேலை முடிந்ததும் எப்போதும் புகைபோக்கிப் பக்கத்துச் சூட்டில் படுத்துக்கொள்வான், கீழே போக மாட்டான். அன்று நான் கொதிகலன் அறைக்கு இறங்கும்போது வழி மறித்தான்.

“என் தாளைப் பாத்தியா ஹியூ? தொப்பிக்குள்ளதான் வெச்சிருந்தேன்.”

“பாக்கல.”

“கீழ போய்ப் பெட்டியைக் கொட்டிப் பாக்கறேன். அது இல்லாம எனக்குக் காது சரியா கேக்க மாட்டேங்குது.”

முன்பக்கத்து அறைக்கு இறங்கிப் போனான். பத்து நிமிஷம் இருக்காது. நாங்கள் காவல் காத்துக்கொண்டிருந்த சரக்குக் கப்பல்களில் ஒன்றே மூடுபனியில் நாங்கள் தெரியாமல் முன்பக்கத்தில் மோதியது. எதிரிகூட இல்லை வினி. அந்த அறை நசுங்கிவிட்டது. மூன்று பேர் போய்விட்டார்கள், அவனும் ஒருவன். கப்பலைப் பின்பக்கமாகவே இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள்.

அவனை நான் அந்த அறைக்கு அனுப்பினேன். தாள் என் பையில் இருந்தது. பாக்கல என்று சொன்னேன்.

அவனுக்கும் உனக்கும் நடுவில் என்ன இருந்தது என்று இனி கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இன்னும் கேட்கத்தான் தோன்றுகிறது. அதனால்தான் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஹியூ

*

லார்ன்டன்
19 ஜூலை 1942

ஹியூ,

உயிரோடு இருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கைக்கு வெண்ணெய் தடவாதே, மருத்துவர் சொல்வதை மட்டும் செய்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆர்மானை எனக்குத் தெரியாது. அந்தக் காலுறை பன்னிரண்டாம் அளவு. லார்ன்டன் கப்பலில் அந்த அளவுக் கால் உனக்கு மட்டும்தான். பெயர் போடக் கூடாது என்றார்கள், அதனால் உன் காலையே பெயராகப் போட்டேன். உள்ளே இருந்த தாளும் உனக்குத்தான். பார்த்தாலே தெரியும் என்று எழுதினேனே, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உன் கண்ணுக்கு முன்னால் அவன் தொடை வரை ஏறுகிறது என்று நீயே சிரித்தாய்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர்க் கடிதத்திலேயே தாள் வேறொருவன் கைக்குப் போனது எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கதவைப் பற்றி எழுதியதும், நீயும் அதைப் படித்துவிட்டாய் என்று புரிந்துவிட்டது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. மேபல் கழுத்து வரை சிவந்ததை நினைத்தேன். கொஞ்ச நாள் எரியட்டும் என்று விட்டேன். நன்றாக இருந்தது, ஹியூ. பொய் சொல்ல மாட்டேன், அந்த மார்ச் மாதம் முழுக்க எனக்கு நன்றாக இருந்தது. அவனைக் கீழே அனுப்பியது நீ மட்டும் இல்லை.

இன்னொன்று. உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னால் எங்கள் பின்னல் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது, ஆர்மானின் அம்மாவிடமிருந்து. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அவர்கள் ஊர்ப் பாதிரியார் எழுதியிருந்தார். லார்ன்டனில் ஒரு பெண் தனக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருக்கிறாள், போர் முடிந்ததும் அவளைத் தேடிக் கூட்டி வருகிறேன் என்று மகன் எழுதியிருந்தானாம். அந்தப் பெண்ணுக்கு அவன் போன விஷயம் தெரியுமா, யாராவது சொன்னீர்களா என்று கேட்டிருந்தாள். அவள் அழுதாளா என்று தெரிந்தால் போதும் என்றும் இருந்தது.

மேபல் வாசித்து முடித்தாள். நான் எழுந்து, “நான்தான் எழுதினேன்” என்றேன். புருஷனுக்கு எழுதியது, கை மாறிப் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தால் அந்தப் பையனுக்கு யாருமே காத்திருக்கவில்லை என்று ஆகிவிடும். பத்தொன்பது பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்தபோது மேபல் என் கோட்டைப் பிடித்துக் கொடுத்தாள். “பெட்டிய அடுக்கினது நான்தான் வினி. பன்னண்டாம் அளவு யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? வாயைத் திறக்க மாட்டேன்” என்றாள். அவளை வெறுக்க இதுவரை என்னிடம் நிறையக் காரணம் இருந்தது. இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு எழுதிவிட்டேன். ஆமாம், நான்தான், காத்திருந்தேன், அழுதேன் என்று. நீ அனுப்பிய தாளையும் அதோடு வைத்து அனுப்பிவிட்டேன். அழுதது பொய் இல்லை.

ஊரில் இப்போது நான் எப்படிப்பட்டவள் என்று பேசிக்கொள்கிறார்கள். கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. நீ வந்ததும் உன் காதிலும் போடுவார்கள், பாவம் ஹியூ என்பார்கள். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொள். அந்தத் தாள் உனக்கு எழுதியது என்று யாரிடமும், சாகும்வரை, சொல்லாதே. ஆர்மானிடமிருந்து நீ எடுத்ததை அப்படித்தான் திருப்பிக் கொடுக்க முடியும்.

பின்கதவைத் தாழிட்டிருக்கிறேன், நீ சொன்னபடியே. வந்து தட்டு. யார் என்று கேட்பேன், உன் பெயரைச் சொல். திறக்கிறேன்.

உன்
வினி